குளிர்காலப் பயிற்சியும் ஸ்மார்ட் டிரெய்னரும்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையே சைக்கிள் பந்தயங்களில் கலந்துகொள்ளும் என்னைப் போன்ற அமெச்சூர்களுக்குக் குளிர்காலம் பந்தயம் இல்லாத காலமே தவிர, ஓய்வுக் காலம் அன்று. வசந்தத்தின் முதல் பந்தயத்தில் கால்களில் இருக்கும் வலு, பெரும்பாலும் அதற்கு முந்தைய மூன்று நான்கு மாதங்களில் சேர்த்ததாகவே இருக்கும். அந்த மாதங்களை, சைக்கிளை மாட்டி அறைக்குள்ளேயே மிதிக்க உதவும் டைரக்ட் டிரைவ் வகை ஸ்மார்ட் டிரெய்னர் ஒன்றிலும், மட்கார்டு பொருத்திய பழைய சாலை சைக்கிள் ஒன்றிலுமாகச் சில ஆண்டுகளாகக் கழித்து வருகிறேன். வாங்கிய புதிதில் எழுதப்படும் மதிப்புரைகள் சத்தம், துல்லியம், இணைப்பு வசதி ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. பருவம் பருவமாக உழைத்த பிறகே தெரியவரும் சங்கதிகளை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

அமைப்பு எளிமையானது. பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, சைக்கிளை நேரடியாக டிரெய்னரின் கேசட்டில் (பின்பக்கப் பல்சக்கரத் தொகுதி) மாட்டிவிட வேண்டும். உள்ளே ஒரு பெல்ட், ஃபிளைவீல் எனப்படும் கனமான சக்கரத்தைச் சுழற்ற, மின்காந்தங்கள் அந்தச் சுழற்சிக்குத் தடை கொடுக்கின்றன. டயரை உருளையின் மேல் அழுத்தும் பழைய வகையில் டயர் தேயும், வேகமெடுக்கும்போது வழுக்கும், சூடேற ஏறத் தடையும் மாறும். இதில் அந்தத் தொல்லைகள் இல்லை.

விளம்பரங்களில் முதலிடம் பெறுவது எர்க் முறை. 220 வாட் என்று நிர்ணயித்துவிட்டால், பெடலை வேகமாக மிதித்தாலும் மெதுவாக மிதித்தாலும் டிரெய்னர் தடையைக் குறைத்தோ கூட்டியோ நம்மை அதே 220 வாட்டில் நிறுத்திவைக்கும். ஒரு மணி நேர அளவில் தாக்குப்பிடிக்கக்கூடிய திறனைக் குறிக்கும் எஃப்.டி.பி. அளவின் 88 முதல் 94 விழுக்காடு வரை அமையும் நீண்ட, சீரான பயிற்சிகளுக்கு இதைவிடப் பொருத்தமான கருவியை நான் பயன்படுத்தியதில்லை. மனம் அலைந்தாலும் திறன் அலைவதில்லை. ஆனால் களைப்பு மிகுந்து, மிதிக்கும் வேகம் நிமிடத்துக்கு 85 சுற்றிலிருந்து 60-க்கு இறங்கினால், திறனைக் காப்பதற்காக டிரெய்னர் தடையைக் கூட்டும். தடை கூடியதால் வேகம் மேலும் இறங்கும். கடைசியில் சேற்றில் புதைந்த வண்டி போல எல்லாம் நின்றுபோகும். அப்படி ஆகும்போது முரண்டு பிடிக்காமல் சில நொடிகள் மிதிப்பதை நிறுத்தி, தடை இறங்கியதும் வேகமாக மிதித்து மீண்டும் சேர்ந்துகொள்வதே நல்லது.

குறுகிய, கடுமையான பயிற்சிகளுக்கு இதே எர்க் முறை இடைஞ்சலாகிவிடுகிறது. நார்வே ஆய்வாளர் பெண்ட் ரொன்னஸ்டாட் ஆராய்ந்து பரவலாக்கிய 30/15 பயிற்சியை எடுத்துக்கொள்வோம். 30 நொடிகள் கடுமையாகவும் 15 நொடிகள் இலகுவாகவும் மிதிப்பதை 13 முறை செய்தால் அது ஒரு தொகுதி. அப்படி மூன்று தொகுதிகள். புதிய அளவுக்குத் தடையை ஏற்றி இறக்க டிரெய்னர் சில நொடிகள் எடுத்துக்கொள்வதால், 15 நொடி ஓய்வில் கணிசமான பகுதி அந்த மாற்றத்திலேயே கழிந்துவிடுகிறது. ஆகவே இவ்வகைப் பயிற்சிகளில் எர்க் முறையை அணைத்துவிட்டு, தடையை ஒரே நிலையில் நிறுத்தி, கியரையும் கால்களையும் கொண்டே திறனை ஏற்றி இறக்குகிறேன். பந்தயத்தில் ஒருவர் திடீரென முன்னேறும்போது நாம் செய்ய வேண்டியதும் அதுவே என்பதால் இது கூடுதல் லாபம்.

கியரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். எர்க் முறையில் எந்த கியரில் இருந்தாலும் வாட் ஒன்றுதானே என்று பலர் அதைக் கவனிப்பதில்லை. பெரிய செயின்ரிங்கில் (பெடலருகே உள்ள முன்பல்சக்கரம்) ஃபிளைவீல் வேகமாகச் சுழன்று, சமதளச் சாலையில் விரையும்போது கிடைக்கும் உந்துதலைத் தருகிறது. சிறிய செயின்ரிங்கில் ஃபிளைவீல் மெதுவாகச் சுழல்வதால், மேட்டில் ஏறும்போது இருப்பதுபோல ஒவ்வொரு மிதியும் தனித்தனியாக உறைக்கிறது. மலைச்சாலைப் பந்தயத்துக்குத் தயாராகும் வாரங்களில் சிறிய செயின்ரிங்கையும், வட்டப்பாதைப் பந்தயத்துக்குத் தயாராகும் வாரங்களில் பெரியதையும் தேர்ந்தெடுப்பது வழக்கமாகிவிட்டது.

டிரெய்னரைவிட அதன் எதிரே இருக்கும் மின்விசிறி முக்கியம் என்று சொன்னால் புதியவர்கள் நம்புவதில்லை. மனித உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ 20 முதல் 25 விழுக்காடு மட்டுமே பெடலைச் சென்றடைகிறது, மீதி வெப்பமாகிவிடுகிறது. 200 வாட்டில் மிதிப்பவர் 600 முதல் 800 வாட் வரை வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும். அதாவது அறைக்குள் ஒரு சிறிய ஹீட்டர் ஓடுவதற்குச் சமம். சாலையில் எதிர்க்காற்று அந்த வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். அறையில் அதற்கு ஆள் இல்லை. வாட் மாறாமல் இருக்கும்போதே இதயத் துடிப்பு நிமிடத்துக்கு நிமிடம் மேலேறுவதை இதயத்துடிப்புப் பட்டையில் கண்கூடாகப் பார்க்கலாம். வெளியே உறைகுளிராக இருந்தால் சன்னலைத் திறந்துவிட்டு, மார்புக்கு நேராக ஒரு பெரிய விசிறியையும் முகத்துக்கு இன்னொன்றையும் வைத்துக்கொண்டால், அதே பயிற்சியை வேறொரு உடலோடு செய்வதுபோல இருக்கும்.

எண்களைப் பற்றிச் சற்று எச்சரிக்கை தேவை. டிரெய்னர் திறனை அளப்பது கேசட்டுக்கு அப்பால். பெடலிலோ அதைத் தாங்கும் கிராங்கிலோ உள்ள பவர் மீட்டர் அளப்பது செயினுக்கு முன்னால். செயினிலும் பல்சக்கரங்களிலும் இழக்கப்படும் சில விழுக்காடு காரணமாக, இரண்டும் சரியாகவே அளந்தாலும் பெடல் காட்டும் எண் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். வெப்பம், அசையாத சைக்கிள், சலிப்பு ஆகியவை சேர்ந்து, பெரும்பாலோரின் எஃப்.டி.பி. அறைக்குள் வெளியில் இருப்பதைவிடக் குறைவாகவே வருகிறது. 20 நிமிடச் சோதனையில் கிடைக்கும் சராசரியின் 95 விழுக்காட்டை எஃப்.டி.பி.யாகக் கொள்ளும் வழக்கமான முறையை, உள்ளே ஒரு முறையும் வெளியே ஒரு முறையும் செய்துபார்த்து, இரண்டு எண்களையும் தனித்தனியே வைத்துக்கொள்வதே என் வழக்கம். வெளியில் பெற்ற எண்ணை வைத்து உள்ளே பயிற்சி செய்பவர், திட்டத்தில் உள்ளதைவிடக் கடினமான ஒன்றைத் தன்மேல் சுமத்திக்கொள்கிறார்.

பயிற்சியின் பெரும்பகுதி இலகுவாக இருக்க வேண்டும் என்பதை உடற்பயிற்சி ஆய்வாளர் ஸ்டீபன் சைலரின் ஆய்வுகள் பிரபலமாக்கின; உயர்நிலை வீரர்களின் பயிற்சிகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு குறைந்த தீவிரத்தில்தான் அமைந்திருப்பதை அவர் கவனித்து எழுதினார். வாரத்தில் ஆறேழு மணி நேரமே கிடைக்கும் அமெச்சூருக்கு அதே விகிதம் பொருந்துமா என்பது விவாதத்துக்குரியது. என் கணிப்பில், குளிர்காலத்தின் முதல் பாதியில் பொருந்துகிறது. பந்தயம் நெருங்கும்போது கடினமான பங்கைச் சற்றுக் கூட்டத்தான் வேண்டியிருக்கிறது. சிக்கல் என்னவென்றால், டிரெய்னரில் இலகுவாக ஓட்டுவதற்குப் பொறுமை அதிகம் வேண்டும். டிரெய்னரோடு இணைந்து மற்றவர்களோடு ஓட்டவைக்கும் மெய்நிகர் செயலிகளின் திரையில் முன்னால் போகும் உருவத்தைத் துரத்தும் ஆசை, இலகுவான நாளை அரைகுறைக் கடின நாளாக மாற்றிவிடும். இலகுவான நாட்களில் மெய்நிகர் செயலிகளைத் திறக்காமலே இருப்பது மேல்.

அந்தச் செயலிகளின் பந்தயங்கள் வேறு வகையில் பயனுள்ளவை. தனியாக எட்ட முடியாத உச்சத்துக்கு அவை நம்மை இழுத்துச் செல்லும். ஆனால் அவை சாலைப் பந்தயத்துக்கு ஒத்திகை ஆகிவிடாது. 2020 டிசம்பரில் சர்வதேச சைக்கிள் ஓட்டக் கூட்டமைப்பான யூ.சி.ஐ. நடத்திய முதல் மெய்நிகர் சைக்கிள் உலக சாம்பியன்ஷிப்பில் ஆண்கள் பட்டத்தை வென்ற ஜேசன் ஆஸ்போர்ன், துடுப்புப் படகுப் போட்டிகளில் பெயர்பெற்ற வீரர். அத்தகைய இதயமும் நுரையீரலும் உள்ளவருக்கு டிரெய்னர் வெற்றியைத் தரும். கைப்பிடிகள் உரசும் நெருக்கத்தில் வளைவில் தன் பாதையை விட்டு விலகாமல் ஓட்டுவதை அது யாருக்கும் கற்றுத்தராது.

இதனால்தான் வாரத்தில் ஒரு முறையேனும் குளிரில் வெளியே போவதை நான் விடுவதில்லை. 0 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால், உடலுக்கு உறைப்பது ஏறக்குறைய மைனஸ் 6 டிகிரி. மேனியை ஒட்டிய மெரினோ உள்ளாடை, அதன் மேல் காற்றுத் தடுப்புச் சட்டை, காலணி உறை என்று அடுக்கினால் உடல் சமாளித்துவிடுகிறது, விரல்களே பிரச்சினை. இரண்டிரண்டு விரல்களைச் சேர்த்து மூடும் கையுறை, ஐந்து விரல் கையுறையைவிடத் தெளிவாகச் சூடானது. பிரேக் பிடிப்பதும் சிரமமில்லை. டயரில் காற்றை அறைக்குள் அடித்துவிட்டு வெளியே போவோர் ஒரு கணக்கை நினைவில் கொள்ளலாம்: 20 டிகிரி அறையில் 80 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வைத்த டயர், 0 டிகிரிக்குப் போனதும் ஏறத்தாழ 6 பி.எஸ்.ஐ. இழந்துவிடும். ஈரமான சாலையில் அந்தக் குறைவு நல்லதே என்பதால் நான் திரும்ப ஏற்றுவதில்லை. பனி உருக உப்பிட்ட சாலையில் போய்வந்த அன்றே செயினைத் துடைத்து எண்ணெய் விடாவிட்டால் இரண்டு நாளில் துரு தெரியும். கேசட்டும் சேர்ந்து தேய்வதைத் தவிர்க்க, தேய்மானம் 0.5 விழுக்காட்டைத் தொட்டதும் செயினை மாற்றிவிட வேண்டும்.

இனி டிரெய்னரின் குறைகள். எதிர்பாராத செலவு வைத்தது பெல்ட். மூன்றாவது பருவத்தில் குறைந்த வேகத்தில் ஒரு சீறலாகத் தொடங்கி, பின்னர் வேகமெடுக்கும்போது பெல்ட் நழுவும் அளவுக்குப் போனது. உத்தரவாதக் காலம் முடிந்திருந்ததால் உதிரிப்பாகம் வரும்வரை வாரக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. மென்பொருள் புதுப்பிப்பு ஒன்று திறன் அளவீட்டையே சற்று நகர்த்திவிட்டதும் உண்டு. இப்போது பந்தயப் பருவம் நெருங்கும் நேரத்தில் புதுப்பிப்பதில்லை. எல்லாவற்றையும்விட மோசமான எதிரி வியர்வை. பருவம் முடிந்து கைப்பிடியின் டேப்பை உரித்துப் பார்த்தால், அலுமினியக் குழாயின் மேல் வெள்ளைப் பொடி படிந்து, சில இடங்களில் உலோகம் சிறு குழிகளாக அரிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். கைப்பிடி முறிவது பந்தயத்தின் நடுவே நிகழ்ந்தால் என்ன ஆகும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. கைப்பிடிக்கு மேல் துண்டு, கைப்பிடியைத் தாங்கும் ஸ்டெம்மின் போல்ட்டுகளுக்குக் கிரீஸ், ஆண்டுக்கொரு முறை டேப் மாற்றம் ஆகிய மூன்றும் கட்டாயம். நகராத சைக்கிளில் உடல் எடை முழுவதும் ஒரே இடத்தில் அழுந்துவதால், சீட் புண்ணைத் தவிர்க்கப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து நின்று மிதிப்பதும் நல்லது.

பந்தயத்துக்கு முந்தைய இரண்டு வாரங்களில் டிரெய்னர் மீண்டும் தன் மதிப்பைக் காட்டுகிறது. அந்தக் காலத்தில் பயிற்சியின் தீவிரத்தைக் குறைக்காமல் அளவை மட்டும் 40 முதல் 60 விழுக்காடு வரை குறைப்பதே பலன் தருகிறது என்பது ஆய்வுகளின் பொதுவான முடிவு. நாற்பது நிமிடத்தில் மூன்று கடினமான முயற்சிகளை, வானிலையும் போக்குவரத்தும் குறுக்கிடாமல் முடித்து இறங்குவதற்கு அறையைப் போல வசதியான இடம் இல்லை. கடைசிச் சில நாட்களை மட்டும் பந்தய சைக்கிளில், பந்தயச் சக்கரங்களோடு, சாலையில் கழிக்கிறேன்.

வாரத்தில் மூன்று நாட்களாவது பயன்படுத்தப் போகிறவருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மழை நாளில் மட்டும் ஏறுபவருக்குச் சாதாரண உருளை வகையே போதும். பயன்படுத்தியதை வாங்குவதானால், நேரில் ஏறி மெதுவாகவும் முழு வேகத்திலும் மிதித்துப் பெல்ட்டின் சத்தத்தைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் கேசட் அதன் ஃப்ரீஹப்பில் (கேசட்டைத் தாங்கும் பாகம்) பொருந்துகிறதா, அந்த மாடலுக்கு மென்பொருள் புதுப்பிப்பும் உதிரிப்பாகமும் இன்னும் வருகின்றனவா என்பதையும் பணம் கொடுக்கும் முன் உறுதிசெய்துகொள்ளுங்கள்.