புளியமரமா, ஜே.ஜே.யா?

வாசிப்பு வட்டத்தின் முதல் நாவல் சுந்தர ராமசாமியுடையது என்று முடிவாகிவிட்டது. சரி, எது?

'ஒரு புளியமரத்தின் கதை' (1966) சட்டென்று ஒட்டிக்கொள்ளும். அதில் வரும் தாமோதர ஆசான் கதை சொல்ல ஆரம்பித்ததும் வட்டத்தில் ஆளுக்கொரு ஊர் மரத்தை நினைவிலிருந்து இழுத்து வருவார்கள். பேச்சு நாவலை விட்டு நழுவும், நழுவட்டுமே.

'ஜே.ஜே: சில குறிப்புகள்' (1981) வேறு ரகம். இறந்துபோன மலையாள எழுத்தாளன் ஜே.ஜே.யைத் தேடிப் போகிறான் கதைசொல்லி பாலு. பின்பாதி முழுக்க ஜே.ஜே.யின் நாட்குறிப்புகள். "கதை எங்கே?" என்று பாதியில் மூடிவைப்பவர்கள் இருப்பார்கள். ஆனால் முடித்தவர்கள் சண்டை போடுவார்கள், வட்டத்துக்கு அதுதானே வேண்டும்? ஜே.ஜே. நிஜமாகவே மேதையா, அல்லது பாலுவின் வழிபாடு அவனை அப்படி ஆக்கிவிட்டதா? இதற்கே இரண்டு அமர்வு பிடிக்கும்.

என் ஓட்டு முதலில் புளியமரத்துக்கு. ஆறு மாதம் பழகிய அப்புறம் ஜே.ஜே.