ஸ்பிரிங் ஏர்கன்னுக்கு எடை குறைந்த ஸ்கோப்: எதை வாங்கலாம்?

துப்பாக்கியின் மேல் மாட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கிதான் ஸ்கோப். அதை வாங்கக் கிளம்புகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எத்தனை எக்ஸ் அண்ணே?" என்பதுதான், அதாவது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்று. ஸ்பிரிங் ஏர் ரைபிள் வைத்திருப்பவர் அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிடலாம். உதையைத் தாங்குமா, கிட்டத்தில் தெளிவாகத் தெரியுமா, எடை எவ்வளவு என்ற மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு எக்ஸ் கணக்கைப் பார்த்துக்கொள்ளலாம்.

உதை என்றதும் சிரிப்பு வரும். தோட்டாவும் இல்லை, வெடிமருந்தும் இல்லை, காற்றுத் துப்பாக்கி என்ன உதைத்துவிடப் போகிறது? ட்ரிகரை அழுத்தியதும் அமுங்கிக் கிடந்த ஸ்பிரிங் பிஸ்டனை முன்னால் தள்ளுகிறது, துப்பாக்கி பின்னால் வருகிறது. பிஸ்டன் சிலிண்டரின் முனைக்குப் போய் முட்டி நிற்கும்போது துப்பாக்கி வெடுக்கென்று முன்னால் பாய்கிறது. ஒரே சூட்டில் இரண்டு திசையிலும் அடி. தோட்டா துப்பாக்கிக்கான ஸ்கோப்பைப் பின்பக்க உதைக்குத் தாங்கும்படிதான் பெரும்பாலும் செய்கிறார்கள். முன்பக்க வெட்டில் உள்ளே லென்ஸ் தளரும், குறுக்குக் கம்பி லேசாகத் திரும்பிக்கொள்ளும், ஜீரோ, அதாவது குறிவைத்த இடத்திலேயே பெல்லட் (ஈயக்குண்டு) படும்படி செய்த அமைப்பு, நிலையாக நிற்காது. விலை அதிகம் என்பதற்காக இதிலிருந்து தப்பிவிட முடியாது. நைட்ரோ பிஸ்டன், கேஸ் ராம் என்று விற்பவற்றுக்கும் இதே கதைதான், ஸ்பிரிங் இருக்கும் இடத்தில் வாயு இருக்கிறது, அவ்வளவே.

இணையத்தில் "இந்த ஸ்கோப் அருமை" என்று எழுதுகிறவர்களில் பலர் அதைப் பி.சி.பி. துப்பாக்கியில் (முன்கூட்டியே அழுத்தி நிரப்பிய காற்றால் சுடுவது, ஸ்பிரிங் பிஸ்டன் இல்லாதது) மாட்டியிருப்பார்கள். பி.சி.பி.யில் உதையே கிடையாது என்று சொல்லலாம். அவர் பாராட்டு நமக்கு ஆகாது. விற்பவரிடம் "ஸ்பிரிங் துப்பாக்கிக்கு வாரண்டி உண்டா?" என்று நேரடியாகக் கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எடைக்கு வருவோம். நம் ஊரில் புழங்கும் பிரேக் பேரல் (குழலை மடக்கி ஸ்பிரிங்கை அமுக்கும் வகை) ரைபிள்கள் வெறுமனே 3 கிலோவை ஒட்டியோ அதற்குக் கொஞ்சம் மேலேயோ இருக்கும். அதன் தலையில் முக்கால் கிலோவை ஏற்றினால் நின்றுகொண்டு சுடும்போது சீக்கிரமே கை நடுங்கும். இது தெரிந்த தொல்லை. தெரியாத தொல்லை ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்து வைக்கும் மவுண்ட்டில் இருக்கிறது. துப்பாக்கி முன்னால் வெட்டும்போது ஸ்கோப் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். அதை இழுத்துக்கொண்டு போவது மவுண்ட் ஸ்க்ரூக்கள்தான். 300 கிராம் ஸ்கோப்பை இழுப்பதைப் போல இரண்டு மடங்கு விசை 600 கிராமுக்குத் தேவை. அதனால்தான் கனத்த ஸ்கோப் மாட்டிய ஸ்பிரிங் ரைபிளில் மவுண்ட் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்துகொண்டே வரும். சுடுகிறவர் பெல்லட்டைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். துப்பாக்கியோடு இலவசமாக வருகிற 4×20 (4 எக்ஸ், 20 மில்லிமீட்டர் முன் லென்ஸ்) ஸ்கோப்தான் எல்லாவற்றிலும் இலேசு, 150 கிராமை ஒட்டி. ஆனால் விரல் பருமன் குழாய், மங்கலான லென்ஸ், கண்ணைச் சரியான இடத்தில் வைக்காவிட்டால் கறுத்துப்போகும் காட்சி. எடை ஒன்றைத் தவிர இதற்குச் சாதகமாகச் சொல்ல எதுவும் இல்லை. இதற்கு ஓப்பன் சைட்டே (லென்ஸ் இல்லாமல் குறிபார்க்கும் முள்ளும் பள்ளமும்) மேல்.

அடுத்து கடைகளில் அதிகம் தள்ளிவிடப்படும் 3-9×40, அதாவது 3 எக்ஸிலிருந்து 9 எக்ஸ் வரை மாற்றிக்கொள்ளும் வகை. பார்க்கக் கம்பீரம், விலையும் கட்டுப்படியாகும். எடை 400 கிராமிலிருந்து 500 வரை. இதில் எனக்கு உள்ள முதல் ஆட்சேபம் அந்த 40 மில்லிமீட்டர் முன் லென்ஸ். பெரிய லென்ஸ் வெளிச்சத்தைக் கூட்டும் என்பார்கள். உசிலம்பட்டிப் பக்கம் காலை பத்து மணி வெயிலில் நம் கண்ணின் பாப்பா சுருங்கி 2, 3 மில்லிமீட்டர்தான் திறந்திருக்கும். முன் லென்ஸின் அளவை எக்ஸால் வகுத்தால் ஸ்கோப்பிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும்: 4×32 என்றால் 8 மில்லிமீட்டர், 9 எக்ஸில் வைத்த 40 என்றால் 4.4. இரண்டுமே நம் கண் வாங்குவதைவிட அதிகம். மீதி வெளிச்சம் முகத்தில் பட்டு வீணாகிறது. சூரியன் இறங்கிய பிறகு பெல்லட் எங்கே போகிறது என்றே தெரியாத நிலையில் சுடக்கூடாது என்பதால் அந்திக்கென்று பெரிய லென்ஸ் தேட வேண்டியதும் இல்லை.

இரண்டாவது ஆட்சேபம் பேரலாக்ஸ். கண்ணை ஸ்கோப்புக்குப் பின்னால் கொஞ்சம் இப்படி அப்படி நகர்த்தினால் குறுக்குக் கம்பி இலக்கின் மேல் மிதப்பது போலத் தெரியுமே, அது. சாதா 3-9×40 ஸ்கோப்புகளை 100 கஜ தூரத்துக்குச் சரிசெய்துதான் அனுப்புகிறார்கள். நாம் சுடுவதோ 10 முதல் 30 மீட்டர். 10 மீட்டரில் கண் லென்ஸின் ஓரத்துக்குப் போய்விட்டால் பிழை அதிகபட்சம் 18 மில்லிமீட்டர் வரை வரும். 32 லென்ஸ் என்றால் அதே கணக்கு 14 மில்லிமீட்டர், அதாவது சோடா மூடியில் பாதி. லென்ஸ் சிறுத்தால் பிழையும் சிறுக்கிறது. ஏ.ஓ. என்று எழுதியிருக்கும் ஸ்கோப்பில் முன் வளையத்தைத் திருப்பி 10 மீட்டர் வரை தூரத்தைச் சரிசெய்துகொள்ளலாம், பிழை பெரும்பாலும் காணாமல் போகும். ஏ.ஓ. சேர்ந்தால் எடை 50 முதல் 100 கிராம் கூடத்தான் செய்யும். எடை குறைய வேண்டும் என்று தேடும்போதும் நான் விட்டுக்கொடுக்காத கிராம் இந்த ஏ.ஓ. கிராம்தான்.

6-24×50 போன்ற பெருந்தலைகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். பிரேக் பேரல் துப்பாக்கியை மடக்கி பெல்லட் வைக்கும்போது ஸ்கோப்பின் வாய் நம் விரலுக்கும் குழலுக்கும் குறுக்கே வந்து நிற்கும்.

மிச்சம் இருப்பவை மூன்று. யூ.டி.ஜி.யின் பக் பஸ்டர் 3-9×32 மாதிரிக் குட்டை ஸ்கோப், ஹாக் வான்டேஜ் 2-7×32 ஏ.ஓ. மாதிரி நடுத்தரம், நிலையான 4×32 ஏ.ஓ. மூன்றுமே ஏறக்குறைய 300-க்கும் 400-க்கும் இடைப்பட்ட கிராமில் அடங்குபவை. பக் பஸ்டர் ஸ்பிரிங் துப்பாக்கிக்காரர்களிடம் பேர் வாங்கியது, கிட்டத்திலும் நன்றாக ஃபோகஸ் ஆகும். ஆனால் உடம்பு குட்டை என்பதால் மவுண்ட்டின் ரிங் மாட்டக் கிடைக்கும் குழாய் நீளமும் குறைவு. முன்னே பின்னே நகர்த்திக் கண்ணுக்கு ஏற்றபடி வைக்க இடம் இருக்காது. நீளமான ஸ்டாக்கும் நீண்ட கழுத்தும் உள்ளவர்களுக்கு இது படுத்தும். 2-7×32 எல்லோருக்கும் பொருந்தும். தோப்பில் தேங்காய்த் தொட்டியை வரிசையாக வைத்துச் சுட 2 எக்ஸ், காகிதத்தில் ஜீரோ பிடிக்க 7 எக்ஸ்.

ஆனால் என்னைக் கேட்டால் 4×32 ஏ.ஓ. எக்ஸ் மாற்றும் ஏற்பாடே இல்லாததால் உள்ளே அசையும் பாகங்கள் குறைவு. ஸ்பிரிங் அடிக்கும் அடியில் அசையும் பாகம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. 25 மீட்டரில் 4.5 மில்லிமீட்டர் ஓட்டையை 4 எக்ஸில் எண்ண முடியாது என்பது உண்மை, நடந்து போய்ப் பார்த்துவிட்டு வரலாம். வயல் வரப்பில் நடப்பது உடம்புக்கும் நல்லது.

பெரிதாக்காமல் ஒரு சிவப்புப் புள்ளியை மட்டும் காட்டும் ரெட் டாட்டையும் சிலர் கேட்கிறார்கள். சின்ன டியூப் வகை 150 கிராமுக்குள் கிடைக்கும், கண்ணை எங்கே வைத்தாலும் தெரியும். நாற்பத்தைந்தைத் தாண்டி, ஓப்பன் சைட்டின் பின் பள்ளம் மங்கலாகிவிட்டவர்களுக்கு இது வரப்பிரசாதம். ஆனால் எம்.ஓ.ஏ. என்ற கோண அளவில் 2 உள்ள புள்ளி 25 மீட்டரில் 15 மில்லிமீட்டர் அகலத்தை மறைக்கும். டின் சுடலாம், காகிதத்தில் நெருக்கமாகப் போட முடியாது. இதிலும் ஸ்பிரிங்குக்குத் தாங்குமா என்ற கேள்வியைக் கேட்காமல் வாங்கக்கூடாது.

எந்த ஸ்கோப் எடுத்தாலும் காசில் ஒரு பங்கை மவுண்ட்டுக்கு ஒதுக்குங்கள். தனித்தனி ரிங் இரண்டைவிட ஒரே துண்டாக வரும் மவுண்ட், அதுவும் ஸ்டாப் பின் (நகராமல் தடுக்கும் ஊசி) உள்ளது, ரைபிளின் மேல் இருக்கும் 11 மில்லிமீட்டர் டவ்டெயில் ரெயிலுக்கு ஏற்றதாக வாங்குங்கள். ரைபிளின் மேல் சின்ன ஓட்டை இருந்தால் அந்த ஊசி அதில் இறங்க வேண்டும். ஓட்டை இல்லாவிட்டால் மவுண்ட்டின் பின்னால் தனியாக ஒரு ஸ்டாப் பூட்டுங்கள், ஏனென்றால் நகர்வது பின்பக்கமாகத்தான். மாட்டி முடித்ததும் மவுண்ட்டும் ரெயிலும் சேரும் இடத்தில் நகப்பூச்சால் மெல்லிய கோடு ஒன்று போடுங்கள். அக்கா தங்கச்சியிடம் கடன் வாங்கலாம். ஒரு டப்பா பெல்லட் முடிந்ததும் அந்தக் கோடு பிளந்திருக்கிறதா என்று பார்த்தால் சங்கதி தெரிந்துவிடும். ரிங் ஸ்க்ரூவை எதிரெதிராக மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். ஒரே பக்கம் முறுக்கினால் குழாய் நசுங்கும்.

பிரேக் பேரல்களில் இன்னொன்று உண்டு. குழல் லேசாகக் கீழே பார்க்கும், பெல்லட் தாழப் போகும். குறியை ஏற்றி இறக்கும் திருகான டரட்டை மேலே மேலே திருப்பி அதன் எல்லைக்கே கொண்டுபோய்விட்டால் உள்ளிருக்கும் சின்ன ஸ்பிரிங் தளர்ந்து ஜீரோ அலையும். அங்கே ஸ்கோப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. பின்பக்கம் உயர்ந்த மவுண்ட் வாங்குங்கள், அல்லது பின்பக்க ரிங்குக்குள் ஸ்கோப் குழாய்க்கு அடியில் பழைய ஃபிலிம் நெகட்டிவ் துண்டு ஒன்றை வைத்து டரட்டை நடுவுக்குக் கொண்டுவாருங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2016 ஆயுத விதிகள்படி 0.177 அங்குலக் குழல், 20 ஜூலுக்குள் சக்தி என்றால் லைசென்ஸ் வேண்டாம், அதைத் தாண்டினால் வேண்டும். லைசென்ஸ் வேண்டாம் என்பதால் எதையும் சுடலாம் என்று ஆகாது. அலங்காநல்லூர், மேலூர்ப் பக்கம் தோட்டத்தில் மயில் மேய்வது எரிச்சல்தான், ஆனால் மயில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. மயிலுக்கு எந்த ஸ்கோப் நல்லது என்று கேட்பவருக்கு என் பதில், வக்கீலைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான். மேலூர்ப் பக்கத்தவர்கள் பாறையைப் பின்னணியாக வைத்தும் சுடவேண்டாம். கிரானைட்டில் பட்ட ஈயம் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. மண்மூட்டை போதும்.

பிள்ளையைப் போட்டிக்கு அனுப்பும் எண்ணத்தில் ஸ்கோப் தேடுகிறவர்கள் வாங்காமலே இருந்துவிடலாம். 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதி கிடையாது. அந்த இலக்கில் பத்துப் புள்ளி வெறும் 0.5 மில்லிமீட்டர், அதைச் சிறு துளை வழியே பார்க்கும் பீப் சைட்டில்தான் அடிக்க வேண்டும். ஸ்கோப்புக்கு வைத்திருக்கும் காசை ரைபிள் கிளப் கட்டணத்துக்கும் நல்ல பெல்லட்டுக்கும் கொடுங்கள்.