பரு அடங்கியும் முகவீக்கம் வற்றவில்லையா? எந்த மருந்து, யாருக்கு?

பரு அடங்கிய பிறகும் நெற்றி, இமை, மூக்கு, கன்னம் எல்லாம் மாதக்கணக்கில் தடித்தே கிடந்தால் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். சிறுநீரகக் கோளாறில் வரும் வீக்கத்தில் குழி விழும், இதில் விழாது. வலியும் இருக்காது. நாள்பட்ட அழற்சியில் நிணநீர்க் குழாய்கள் கெட்டுப்போவதால் வருவது என்கிறார்கள். பிரான்சின் மொர்பிஹான் பகுதி நோயாளி ஒருவரை வைத்து 1957இல் விவரித்ததால் மொர்பிஹான் நோய் என்று பெயர். மிக அரிது. தைராய்டு, சிறுநீரகம், ஒவ்வாமை, தொழுநோய் இவை இல்லை என்று பார்த்த பிறகே டொக்டர் இதற்கு வருவார்.

மருந்தில் போட்டி இரண்டுக்குத்தான்.

டொக்சிசைக்ளின் என்ற அன்டிபயோடிக் விலை குறைவு, எளிதில் கிடைக்கும். ஆனால் வெயில் பட்டால் தோல் கன்றிவிடும். நுவரெலியாவில் மப்புத்தானே என்று இருந்துவிடாதீர்கள், உயரம் கூடக்கூடப் புற ஊதாக் கதிரும் கூடும். நாளெல்லாம் மலையில் நின்று கொழுந்தெடுப்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. இரத்தச்சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் விழுங்கினால் டொக்சி உடம்பில் சேராது.

மற்றது, கடும் பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினொயின். அதைக் குறைந்த அளவில், சிலருக்குக் கீட்டோட்டிஃபென் என்ற ஒவ்வாமை மருந்தோடு சேர்த்துக் கொடுப்பார்கள். பருவின் வேரையே அடக்குவதால் என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் முகம் வற்ற நாலைந்து மாதம், சிலருக்கு வருடம்கூட ஆகும். இடையிடையே ஈரலுக்கும் கொழுப்புக்கும் இரத்தப் பரிசோதனை. கிளினிக் நாளென்றால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போச்சு; ஹட்டன் பக்கத்திலிருந்து கண்டிக்கு பஸ் ஏறுகிறவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். பெண்களுக்கு இன்னொரு பெரிய விஷயம்: கருவை மோசமாகப் பாதிக்கும். குடிக்கும் காலத்திலும் நிறுத்தி ஒரு மாதம் வரையும் கர்ப்பம் கூடவே கூடாது. கல்யாணம் பேசி முடித்த பிள்ளைக்கு இதை டொக்டரிடம் வாய்விட்டுச் சொல்லத் தாய்மார் தயங்குவார்கள், சொல்லித்தான் ஆகவேண்டும். டொக்சியும் கர்ப்பத்துக்கு உகந்ததில்லை, ஆனால் அதை நிறுத்துவது எளிது.

ஒன்று சரிவரவில்லையென்று மற்றதையும் சேர்த்துக் குடிக்கக்கூடாது. மண்டைக்குள் அழுத்தம் கூடும்; கடும் தலைவலியும் பார்வை மங்கலும் அதன் அறிகுறி.

பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் மாத்திரை வீக்கத்தைச் சட்டென்று இறக்கும், விட்டால் திரும்பும். நீர் இறக்கும் மாத்திரையால் பெரிய பயனில்லை. டவுன் கடையில் வாங்கும் வெள்ளையாக்கும் கிரீமைப் போட்டிக்கே சேர்க்கமாட்டேன்: பலவற்றில் ஸ்டீரொயிட் கலந்திருக்கும், அதுவே புதுப் பருவைக் கிளப்பும். விரலால் மெல்ல நிணநீரைத் தள்ளிவிடும் மசாஜ் எந்த மருந்தோடும் கூடும். செலவில்லை, டொக்டரிடம் ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள்.