கலோரி கணக்கா, 16 மணி நேர விரதமா, கவனித்துச் சாப்பிடுவதா?

எடையைக் குறைக்கக் கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் கடைசியில் இந்த மூன்றில் ஒன்றில்தான் வந்து நிற்கிறார்கள். ஆப்பில் கலோரி எண்ணுவது, 16 மணி நேரம் வயிற்றைக் காயப்போட்டு மீதி 8 மணி நேரத்துக்குள் சாப்பாட்டை முடிப்பது, அப்புறம் மைண்ட்ஃபுல் ஈட்டிங் என்கிறார்களே, பசியைப் பார்த்து, தட்டைப் பார்த்து, நிதானமாகச் சாப்பிடுவது. (பேலியோவைச் சேர்க்கவில்லை. அது தனிச் சண்டை.)

கலோரி எண்ணுவதில் கணக்கு சரி, நம் சமையலறைதான் அதற்கு ஒத்துவராது. பாக்கெட் ஓட்ஸுக்கு அட்டையிலேயே எண் போட்டிருக்கும், வீட்டு வத்தக்குழம்புக்கு யார் போடுவது? ஆனாலும் ஒரு இரண்டு வாரம் எண்ணிப் பார்க்கச் சொல்வேன். 100 கிராம் சோறு சுமார் 130 கலோரி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120. சோற்றைக் கண்டு பயந்து ஒரு கரண்டியைக் குறைத்துவிட்டு, தோசைக்கல்லில் எண்ணெயைச் சுற்றி ஊற்றிக்கொண்டிருப்பவர்களுக்கு இந்த இரண்டு எண்களே போதும். அதற்கு மேல் வருடக்கணக்கில் எண்ண யாருக்குப் பொறுமை இருக்கிறது?

16:8க்குப் பெரிய பலமே ஒரே விதி என்பதுதான். ஆனால் கடிகாரத்தில் மாயம் எதுவும் இல்லை. சீனாவின் குவாங்சோவில் 139 பேரை வைத்து நடந்த ஆய்வு 2022ல் வெளியானது. எல்லாருக்கும் கலோரி குறைத்த உணவுதான், பாதிப் பேருக்கு மட்டும் காலை 8 முதல் மாலை 4 வரை என்ற நேரக்கட்டு. ஒரு வருடத்தில் நேரம் பார்த்தவர்கள் சராசரியாக 8 கிலோவும் பார்க்காதவர்கள் 6.3 கிலோவும் குறைந்தார்கள், புள்ளியியல்படி அதை வித்தியாசம் என்றே சொல்ல முடியாது. ராத்திரி பத்து மணிக்கு மிக்சர் டப்பாவைத் திறக்கிறவருக்கு இந்த விதி நல்ல பூட்டு. விட்டதையெல்லாம் மதியம் ஒரே மூச்சில் பிடிப்பவருக்கு வீண். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது, சர்க்கரை சட்டென்று தாழ்ந்துவிடும்.

மூன்றாவதைத் தியான வகுப்பு சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அதற்கான பயிற்சியில் ஒரு உலர்திராட்சையை ஐந்து நிமிடம் மென்று சாப்பிடச் சொன்னால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். நம் வீட்டு ராத்திரிச் சாப்பாட்டைப் பாருங்கள். டிவி ஓடுகிறது, அடுப்பிலிருந்து தோசை ஒவ்வொன்றாக வந்து தட்டில் விழுகிறது, கண் சீரியலில், கை சட்னியில். மூன்றா ஐந்தா என்று கேட்டால் தின்றவருக்கே தெரியாது. சுட்டுப் போட்டவரோ கடைசியில் அடுப்படியில் நின்றபடியே, பிள்ளை மிச்சம் வைத்த ஒன்றரைத் தோசையை "வீணாப் போகுதே" என்று வாயில் போட்டுக்கொண்டு, அப்புறம் தனக்கென்று இரண்டு சுடுகிறார். அந்த ஒன்றரை எந்த ஆப்பிலும் ஏறாது, எந்த நேரக்கட்டிலும் சிக்காது. டிவியை அணைத்து, எல்லாருக்கும் சுட்டு ஹாட்பாக்ஸில் வைத்து, சேர்ந்து உட்கார்ந்தால்தான் கண்ணில் படும்.

அதற்காக இதுவே எடையை இறக்கிவிடும் என்று நம்ப வேண்டாம். கலிபோர்னியாவில் 194 பேரிடம் நடத்தி 2016ல் வெளியிட்ட ஆய்வில், உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சியோடு ஒரு பிரிவினருக்கு மட்டும் இந்தப் பயிற்சியும் சேர்த்துக் கொடுத்தார்கள். 18 மாதம் கழித்து, பயிற்சி இல்லாதவர்களைவிட உறுதியாகச் சொல்லும் அளவுக்கு எடை குறையவில்லை.

என்னைக் கேட்டால், முதலில் இரண்டு வாரம் எண்ணி எண்ணெயையும் நொறுக்குத்தீனியையும் பிடித்துவிட்டு, ஆப்பை அழித்துவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டை மட்டும் கவனித்துச் சாப்பிடுவது. 16:8 ராத்திரித் தீனிக்காரர்களுக்கு மட்டும். தின்றுவிட்டுக் குற்ற உணர்ச்சியில் தவிப்பவர்கள் எண்ணிக்கைப் பக்கமே போகாமல், நேராக மூன்றாவதிலிருந்து தொடங்கலாம், கூடவே ஒரு மனநல மருத்துவரையும் பார்க்கலாம். எதை எடுத்தாலும் எடை மெஷினோடு இஞ்ச் டேப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பதுதான் எல்லை, எடை சரியாக இருக்கிறது என்று சொல்லும் பலர் அந்த டேப்பில்தான் மாட்டுகிறார்கள்.