எண்ணுவதா, எண்ணாமல் விடுவதா: பிரிட்டனும் பிரான்சும்

ஒருவர் எந்த இனம் என்று அரசு கேட்கலாமா? பிரிட்டன் கேட்கிறது, 1991 முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே அந்தக் கேள்வி உண்டு. பிரான்ஸ் கேட்பதில்லை. குடியரசின் முன் எல்லோரும் குடிமக்கள், அவ்வளவுதான் என்பது அதன் வாதம். இரண்டாம் உலகப் போரில் நாஜிகளுடன் ஒத்துழைத்து, யூதர்களைப் பட்டியலிட்ட பிரான்சின் விஷி அரசின் நினைவும் அதற்குப் பின்னால் இருக்கிறது. அந்த அச்சம் நியாயமானதுதான்.

ஆனால் தெருவில் போலீஸ் நிறுத்தும்போது என்ன நடக்கிறது? லண்டனில் ஒருவரை நிறுத்திச் சோதித்தால் அவரது இனமும் பதிவாகும். அதனால்தான் கறுப்பினத்தவர் பல மடங்கு அதிகமாக நிறுத்தப்படுவதை ஆண்டுதோறும் அரசின் கணக்கை வைத்தே காட்ட முடிகிறது. பாரிஸில் அடையாள அட்டையைக் கேட்டுப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். நிறுத்தியதற்கு அத்தாட்சியாக ஒரு சீட்டுக்கூடக் கிடையாது. சீட்டு தருவோம் என்று 2012-ல் அப்போதைய அதிபர் ஒலாந்தின் அரசு சொன்னது, அப்புறம் அது கைவிடப்பட்டது. கறுப்பர், அரபியர் போலத் தோன்றும் இளைஞர்கள் 20 மடங்கு அதிகமாக நிறுத்தப்படலாம் என்பது குடிமக்களின் உரிமைகளைக் காக்கும் அரசு அமைப்பான உரிமைக் காப்பாளர் அலுவலகம் தனியாக நடத்திய ஆய்வை 2017-ல் வெளியிட்டபோதுதான் தெரிந்தது.

சரி, எண்ணினால் தீர்ந்துவிடுமா? இல்லை. இனவெறியர்களால் லண்டனில் கொல்லப்பட்ட கறுப்பின இளைஞர் ஸ்டீபன் லாரன்ஸின் கொலை விசாரணை பற்றிய மக்பெர்சன் அறிக்கை, லண்டன் போலீஸில் நிறுவன இனவாதம், அதாவது அமைப்பின் நடைமுறைகளிலேயே ஊறிய இனவாதம், இருப்பதாக 1999-ல் சொன்னது. 2023-ல் லண்டன் போலீஸை ஆராய்ந்த கேசி அறிக்கையும் அதையே சொன்னது. இருந்தும் என் ஓட்டு எண்ணுவதற்கே. பிரிட்டனில் போலீஸால் கணக்கை மறுக்க முடியாது; பிரான்சில் மறுப்பதற்குக் கணக்கே இல்லை.