மாட்டுக்கறி டாக்கோவுக்கு எது தோது: ஸ்லோ குக்கரா, பிரஷர் குக்கரா, மண்சட்டியா?

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ராமநாதபுரம் மாவட்டத்துக் கீழக்கரையில் எங்கள் வீட்டில், மூன்று கிலோ மாட்டுக்கறி வாங்கி ஒரே மசாலாவைப் புரட்டி, ஒரு கிலோவை ஸ்லோ குக்கரிலும் ஒரு கிலோவை பிரஷர் குக்கரிலும் ஒரு கிலோவை உம்மாவின் மண்சட்டியிலும் வேகவைத்தோம். காக்கா (அண்ணன்) துபாயிலிருந்து கொண்டுவந்த ஸ்லோ குக்கர் ஒரு வருடமாகப் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. "கறி வேக ஒன்பது மணி நேரமா? மண்சட்டியில வச்சா அஸருக்குள்ள (பிற்பகல் தொழுகைக்குள்) ஆயிடுமே" என்று உம்மா கேட்டதில்தான் இந்தப் போட்டி ஆரம்பித்தது. வீட்டில் பன்னிரண்டு பேர், எல்லாருக்கும் டாக்கோ, அதாவது சின்ன ரொட்டியில் கறியை வைத்து மடித்துச் சாப்பிடும் மெக்சிகோ உணவு. மூன்றையும் ஒரே மேசையில் வைத்துச் சாப்பிட்டுப் பார்த்த பிறகு எனக்குத் தெளிவான ஒரு முடிவு இருக்கிறது. ஆனால் அந்த முடிவுக்கு நிபந்தனைகளும் உண்டு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டாக்கோவுக்குள் வைக்கும் கறி நம் ஆணத்துக் (குழம்பு) கறி மாதிரித் துண்டாக நிற்கக் கூடாது. முள்கரண்டியை வைத்து இழுத்தால் நார் நாராகப் பிரிய வேண்டும், பிரிந்த நாரெல்லாம் சாறைக் குடித்து ஈரமாக இருக்க வேண்டும். மெக்சிகோவில் பார்பகோவா என்று குழிக்குள் தணல் போட்டு, கற்றாழை மாதிரியான மகேய் இலையால் மூடி, மணிக்கணக்கில் வேகவைக்கிறார்களே, அதன் குணமே இதுதான். கறியில் சதைக்கு நடுவே வெள்ளையாக ஓடும் சவ்வில் கொலாஜன் இருக்கிறது. அது சுமார் 70 டிகிரிக்கு மேல் மெல்ல மெல்ல ஜெலட்டினாக இளகும், அவசரப்பட்டால் இளகாது. நம் ஊர்க் கறிக்கடையில் இளங்கறி அமைவது அபூர்வம், வயதான மாட்டில் அந்தச் சவ்வு இன்னும் கெட்டியாக இருக்கும். அதனால் அமெரிக்கக் குறிப்பில் எட்டு மணி நேரம் என்று போட்டிருந்தால் இங்கே ஒன்பது, பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் என்ன கேட்க வேண்டும் என்றால், கழுத்து, முன்னங்கால் சப்பை, நெஞ்சுக்கறி. பின்தொடைச் சதை பார்க்க அழகாக, சவ்வில்லாமல் இருக்கும். இந்த வேலைக்கு அது வேண்டாம், வெந்த பிறகு பஞ்சு மாதிரி வறண்டுவிடும். கூடவே ஒரு நல்லி எலும்பு கேட்டு வாங்கிப் போடுங்கள். துண்டு பெரிதாக, உள்ளங்கை அளவுக்கு இருக்கட்டும்.

இனி ஸ்லோ குக்கர். 1940-இல் அமெரிக்காவில் இர்விங் நாக்சன் என்பவர் இதற்குக் காப்புரிமை வாங்கினார், 1971-இல் ரைவல் நிறுவனம் கிராக் பாட் என்ற பெயரில் கடைக்குக் கொண்டுவந்த பிறகுதான் வீடுகளுக்குள் பரவியது. கனமான பீங்கான் பானை, அதைச் சுற்றிச் சூடாகும் சுருள், கண்ணாடி மூடி, அவ்வளவுதான். லோ, ஹை என்று இரண்டு நிலை இருக்கும். லோவில் வைத்தால் வெந்நீர்ச் சூடு, ஹையில் வைத்தால் கொதி என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான மாடல்களில் இரண்டுமே கடைசியில் கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழே வந்து நிற்கும், அங்கே போய்ச் சேர எடுக்கும் நேரம்தான் வேறு. நான் காலை எட்டு மணிக்கு லோவில் வைத்தேன், சாயங்காலம் ஐந்து மணிக்கு மூடியைத் திறந்தேன், இடையில் ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் இருபது, முப்பது நிமிடத்துச் சூடு போய்விடும்.

இதில் இரண்டு பலவீனம் உண்டு, இரண்டையும் தெரிந்து வைத்துக்கொண்டால்தான் கறி உருப்படும். ஒன்று, உள்ளே சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கறி சிவந்து முறுகி வாசம் வர அதைவிட நிறையச் சூடு வேண்டும். அதனால் முதலில் இரும்புச் சட்டியில் எண்ணெய் காயவைத்து, கறியின் ஈரத்தைத் துடைத்துவிட்டு, நாலு பக்கமும் நன்றாகச் சிவக்க வைத்துத்தான் பானைக்குள் போட வேண்டும். சும்மா பச்சையாகப் போட்டால் சாம்பல் நிறத்தில், அவித்த கறி வாசத்தோடு வரும். இரண்டாவது, தண்ணீர் வற்றவே வற்றாது. மூடியில் ஏறும் ஆவியெல்லாம் திரும்ப உள்ளேயே சொட்டும். ஒரு கிலோ கறி தானாகவே ஒன்று, ஒன்றரை டம்ளர் சாறு விடும். அதற்கு மேல் நீங்களும் இரண்டு டம்ளர் ஊற்றினால் சூப்தான் மிஞ்சும். கால் டம்ளர் போதும். கடைசியில் கறியைத் தனியே எடுத்துப் பிய்த்து வைத்துவிட்டு, சாறை வாயகன்ற சட்டியில் ஊற்றிப் பாதியாக வற்றவிட்டு, மறுபடி கறியில் ஊற்றிப் பிசையுங்கள். இந்தக் கடைசிப் பத்து நிமிடத்தை விட்டுவிட்டால் காலை முதல் காத்திருந்ததற்குப் பலன் இல்லை.

பிரஷர் குக்கரை நான் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் ஏற்றினேன். உள்ளே சூடு சுமார் 120 டிகிரி வரை போகும், அதனால்தான் அந்த வேகம். இரண்டு விசில் வந்ததும் சிம்மில் வைத்து நாற்பத்தைந்து நிமிடம். அப்புறம் அடுப்பை அணைத்துவிட்டு, வெயிட்டைத் தூக்காமல் பிரஷர் தானாக இறங்கும் வரை விட வேண்டும். இதில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். உஸ்ஸென்று ஆவியை வெளியேற்றினால் கறிக்குள் இருக்கும் சாறும் கொதித்து வெளியே வந்துவிடும், நார் வறண்டுபோகும். சரியாகச் செய்தால் கறி நன்றாகவே பிரிகிறது. ஆனால் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒரு வித்தியாசம் தெரிந்தது: குக்கர் கறி சில இடத்தில் குழைந்து, சில இடத்தில் இன்னும் இழுவையாக இருந்தது, ஸ்லோ குக்கர் கறி ஓரத்திலிருந்து நடுவரை ஒரே மாதிரி இருந்தது. மசாலா வாசமும் குக்கரில் கொஞ்சம் மங்கித்தான் வருகிறது.

மண்சட்டியைப் பற்றி எழுதும்போது உம்மாவின் கையையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். பின்கட்டில் கருவை விறகு அடுப்பு, முதலில் நல்ல தீ, பிறகு விறகை வெளியே இழுத்துத் தணலில் விட்டு, மூடிமேலும் நாலு கங்கு. நாலு மணி நேரம். நடுவில் எத்தனை தடவை எழுந்துபோய்ப் பார்த்தார்கள் என்று எண்ணவில்லை, பத்துக்குக் குறையாது. ருசியில் முதலிடம் அந்தச் சட்டிக்குத்தான், அதை மறைக்க மாட்டேன். மண்சட்டி தண்ணீரை மெல்ல வற்றவிடுகிறது, அடியில் லேசாகப் பிடித்துச் சிவக்கிறது, திறந்து மூடும்போதெல்லாம் கருவைப் புகை கொஞ்சம் உள்ளே போய்விடுகிறது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நம் மாவட்டம் முழுக்கப் படர்ந்து கிடக்கிற, கண்மாயைக் கெடுத்தது என்று எல்லாரும் திட்டுகிற சீமைக்கருவேலம் இருக்கிறதே, அதன் தாயகம் மெக்சிகோவும் அதற்குத் தெற்கே உள்ள நாடுகளும்தான். வடக்கு மெக்சிகோவிலும் டெக்சாஸிலும் மாட்டுக்கறி சுட மெஸ்கீட் என்று கொண்டாடுகிற விறகு இதே இனத்து மரம். டாக்கோவுக்கு வேண்டிய புகை நம் வேலியோரத்திலேயே நிற்கிறது. ஸ்லோ குக்கர் கறிக்கும் அந்தப் புகையை ஏற்ற முடியும்: கறியை எவர்சில்வர் சட்டிக்கு மாற்றி, நடுவில் சின்னக் கிண்ணம் வைத்து, கனிந்த கருவைக் கரித்துண்டு ஒன்றைப் போட்டு, அதன்மேல் அரை ஸ்பூன் நெய் விட்டு, உடனே மூடி ஐந்து நிமிடம். இதைச் செய்த பிறகு மண்சட்டிக்கும் ஸ்லோ குக்கருக்கும் இருந்த இடைவெளி பாதிக்கு மேல் குறைந்துவிட்டது.

மசாலாவிலும் இப்படி ஒரு தேர்வு இருந்தது. குறிப்புகளில் குவாஹில்லோ மிளகாய், ஆஞ்சோ மிளகாய் என்று போட்டிருக்கும், இணையத்தில் வரவழைக்கலாம், விலை அதிகம். நம்மிடம் 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய ராமநாதபுரம் முண்டு மிளகாய் இருக்கிறது. மெக்சிகோவிலேயே கஸ்கபெல் என்று உருண்டையாக, ஆட்டினால் விதை கலகலக்கும் மிளகாய் ஒன்று உண்டு, பார்வைக்கு நம் முண்டுக்குச் சொந்தக்காரன் போலவே இருக்கும். முண்டுக்குத் தோல் தடிமன், நிறம் நன்றாக இறங்கும், ஆனால் குவாஹில்லோவைவிடக் காரம் கூடுதல். அதனால் ஒரு கிலோ கறிக்குப் பன்னிரண்டு மிளகாய் எடுத்து, விதையைத் தட்டிவிட்டு, வெறும் சட்டியில் லேசாக வாட்டி, வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, பத்துப் பல் பூண்டு, ஒரு கை சின்ன வெங்காயம், இரண்டு தக்காளி, ஒன்றரை ஸ்பூன் சீரகம், இரண்டு கிராம்பு, ஒரு துண்டுப் பட்டை, இரண்டு ஸ்பூன் வினிகர் சேர்த்து அரைத்தேன். ஓரிகானோவுக்குப் பதில் வாசலில் நிற்கும் ஓமவல்லி இலை இரண்டு. இரண்டிலும் கார்வக்ரால் என்ற ஒரே வாசப்பொருள் இருக்கிறது, அதனால் நன்றாகவே பொருந்துகிறது. இரண்டுக்கு மேல் போட்டால் கஷாய வாசம் வந்துவிடும். கடைசியில் நெல்லிக்காய் அளவு கருப்பட்டி, எலுமிச்சை இறக்கிய பிறகு. முண்டு மிளகாய் போதும், வெளியூர் மிளகாயைத் தேடி அலைய வேண்டியதில்லை.

ரொட்டியில்தான் நான் மூன்று தடவை தோற்றேன். கடையில் வாங்கிய மக்காச்சோள மாவைப் பிசைந்தால் தட்டும்போதே விண்டு போகிறது. காரணம் இதுதான்: மெக்சிகோவில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, தோலைத் தேய்த்துக் கழுவி, ஈரமாகவே அரைக்கிறார்கள். சுண்ணாம்பு பட்ட மாவுதான் ஒட்டும், மடித்தால் உடையாது. நானும் அப்படி ஒரு நாள் கிரைண்டரில் அரைத்துப் பார்த்தேன். நன்றாக வந்தது, ஆனால் இரண்டு நாள் வேலை. அரிசி மாவை வெந்நீரில் பிசைந்து ரொட்டி தட்டினால் சுடச்சுட அருமை, ஆறினால் விறைத்துவிடும். பரோட்டாவில் வைத்துச் சாப்பிடலாம் என்று தம்பி சொன்னான், ஏற்கெனவே கொழுப்பான கறிக்கு அது திகட்டும். கடைசியில் நிலைத்தது பாதி மக்காச்சோள மாவு, பாதி கோதுமை மாவு, கொதிக்கிற தண்ணீர், உள்ளங்கை அளவு ரொட்டி. கோதுமை சேர்ப்பது தப்பு என்று நினைக்க வேண்டாம், வடக்கு மெக்சிகோவில் சொனோரா பக்கம் கோதுமை ரொட்டிதான் அதிகம். சுட்டதும் துணியில் சுற்றி மூடிவிடுங்கள், அப்போதுதான் மடியும்.

மேலே தூவ வெங்காயம், மல்லித்தழை, எலுமிச்சை, வட்டமாக நறுக்கிய முள்ளங்கி. இவ்வளவுதான் வேண்டும். சீஸும் மயோனைஸும் கறியின் ருசியை மூடிவிடும்.

மின்சாரம் பற்றிக் கேட்பார்கள். 200 வாட் என்று வைத்துக்கொண்டால் எட்டு மணி நேரத்துக்கு 1.6 யூனிட், கவலைப்படும் அளவுக்கு இல்லை. கவலை மின்தடையில்தான் இருக்கிறது. பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளில் ஸ்லோ குக்கரைத் தொடாதீர்கள். பட்டன் வைத்த டிஜிட்டல் மாடல் கரண்ட் போய் வந்தால் பெரும்பாலும் அணைந்தே கிடக்கும், திருகு வைத்த சாதாரண மாடல் தானாகத் தொடரும், நம் ஊருக்கு இதுதான் நல்லது. கண்ணெதிரே கரண்ட் போனால் உடனே கறியை வேறு சட்டிக்கு மாற்றிக் கேஸில் வேகவைத்து முடியுங்கள், பீங்கான் பானையை அடுப்பில் ஏற்றக் கூடாது, வெடித்துவிடும். நீங்கள் வெளியே போயிருந்தபோது எவ்வளவு நேரம் கரண்ட் இல்லை என்றே தெரியவில்லையா, மனசு கேட்காவிட்டாலும் கொட்டிவிடுங்கள். நம் கடலோரச் சூட்டில் வெதுவெதுப்பாகக் கிடந்த இறைச்சியை நம்ப முடியாது. ஃப்ரீசரில் உறைந்த கறியை அப்படியே போடுவதும் இதே காரணத்தால் ஆகாது. வளைகுடாவிலிருந்து வரும் பெட்டி 220 - 240 வோல்ட், பிளக்குக்கு மட்டும் அடாப்டர் வேண்டும். அமெரிக்காவிலிருந்து வருவது 120 வோல்ட், அதை இங்கே நேராகச் சொருகினால் அதோடு முடிந்தது.

சரி, எதை எடுப்பது? விருந்தாளி வந்து நிற்கிறார், இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் பிரஷர் குக்கர், வேறு பேச்சில்லை. ருசி ஒன்றே கணக்கு, அடுப்படியில் நிற்க ஆளும் மனசும் இருக்கிறது என்றால் மண்சட்டி. மற்ற எல்லா நாளுக்கும் நான் ஸ்லோ குக்கரைத்தான் எடுப்பேன். சித்திரை வெயிலில், கடல்காற்றும் நின்றுபோன மத்தியானத்தில், நாலு மணி நேரம் தணல் முன்னால் உட்கார்ந்து எழுந்த உம்மாவின் முகத்தை அன்றைக்குப் பார்த்தேன். மண்சட்டிக் கறியின் ருசிக்குள் அந்த வியர்வையும் இருக்கிறது, ஸ்லோ குக்கர் வைத்த மூலையில் அறை சூடுகூட ஏறவில்லை. ருசியில் கொஞ்சம் குறைந்தாலும் எனக்குச் சம்மதம்.

நோன்பு மாதத்தில் இது இன்னும் பெரிய உதவி. காலை எட்டு மணிக்கு வைத்துவிட்டு அவரவர் ஓதலாம், தூங்கலாம், கடைக்குப் போகலாம், நோன்பு திறக்கும் மஃரிபுக்கு முன்னால் பிய்த்து வற்றவைக்க அரைமணி நேரம் போதும். வரும் நோன்புக்குப் பெட்டியைக் கீழே இறக்கி வைக்கச் சொல்லி இப்போது கேட்பது உம்மாதான். அடிப்பிடித்துச் சிவந்த அந்த ருசிக்கு மட்டும், பெருநாளன்று மண்சட்டியை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.