கருப்பு அன்னத்தைப் படம் எடுக்க என் சூம் கேமரா போதுமா? சில வருட அனுபவம்

கருப்பு நிறப் பறவையைப் படம் எடுக்கப் போகிறீர்கள் என்றால் முதல் வேலையாகக் கேமராவின் லைட் மீட்டர், அதாவது வெளிச்சத்தை அளக்கும் கருவி, சொல்வதை நம்புவதை நிறுத்துங்கள். லென்ஸ், டிரைபாட், எந்த மாதம் போவது என்ற கவலையெல்லாம் அதற்கு அப்புறம்தான். நான் சில வருடங்களாக வைத்திருப்பது ஒரு சூப்பர் சூம் பிரிட்ஜ் கேமரா, லென்ஸைக் கழற்றி மாற்ற முடியாத வகை. எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், இந்த வகையில் எதை வாங்கினாலும் நான் சொல்வதில் முக்கால்வாசி பொருந்தும். கூடவே ஒரு 8x42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மி.மீ.). இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு காட்டு நிலையில் கருப்பு அன்னங்களைப் பார்த்ததும் எடுத்ததும் எப்படி இருந்தது என்பதுதான் இந்தப் பதிவு.

சேலத்தில் ஏதுங்க கருப்பு அன்னம் என்று கேட்பீர்கள். இல்லைதான். அது ஆஸ்திரேலியப் பறவை, அக்கா வீடு பெர்த்தில் இருப்பதால் எனக்கு வாய்த்தது. ஆனால் பழகியது முழுக்க நம்ம கன்னங்குறிச்சி மூக்கனேரியில், நாமக்கோழிகளை வைத்து. உடம்பு முழுக்க கருப்பு, நெற்றியில் பளிச்சென்று வெள்ளை நாமம், சிவந்த கண். இதைவிடக் கஷ்டமான பறவை ஒரு போட்டோகிராஃபருக்குக் கிடைக்காது, ஏனென்றால் உடம்பில் சிறகு தெரிய வேண்டுமென்று வெளிச்சத்தைக் கூட்டினால் நாமம் வெறும் வெள்ளைப் பொட்டாகிவிடும், நாமத்தைக் காப்பாற்றினால் உடம்பு கரிக்கட்டையாகிவிடும். வடகிழக்குப் பருவமழை முடிந்து சேர்வராயன் மலைத் தண்ணீர் இறங்கி ஏரி நிரம்பியிருக்கும் நாட்களில் கரையில் உட்கார்ந்து இதைத்தான் திரும்பத் திரும்ப எடுத்தேன். தூண்டில் போட வருகிற ஒருவர், "ஏங்க, அந்தக் கோழியவே எத்தன வாட்டிங்க புடிப்பீங்க, அந்தப் பக்கம் கூழைக்கடா நிக்குது பாருங்க" என்று கேட்டே விட்டார். பெர்த்தில் ஏரிக்கரையில் இறங்கியதும் அன்னத்துக்கு முன்னால் கண்ணில் பட்டது அதே நாமக்கோழி. சாயலில் ஒன்று என்றுகூட இல்லை, இனமே ஒன்றுதான்.

மீட்டர் விஷயத்துக்கு வருகிறேன். மீட்டருக்குத் தெரிந்ததெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் ஒன்றுதான். ஃபிரேம் நிறையக் கருப்பு அன்னமும் நிழல் விழுந்த தண்ணீரும் இருந்தால், இருட்டாக இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டு அது வெளிச்சத்தை ஏற்றிவிடும். சிறகு பழைய குடைத் துணி மாதிரி வெளுத்துப் போகும், அதைவிட மோசம் அலகு. கருப்பு அன்னத்தின் அலகு நல்ல சிவப்பு, நுனிக்குச் சற்று முன்னால் குறுக்கே ஒரு வெள்ளைப் பட்டை. வெளிச்சம் கொஞ்சம் கூடினாலும் அந்தச் சிவப்பு உருகி ஒரே திட்டாகி, மூக்குத் துளை இருக்கும் இடம்கூடத் தெரியாமல் போகும். சாதாரண ஹிஸ்டோகிராம் (படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) இதைக் காட்டிக் கொடுக்காது, சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் இருந்தால் சிவப்புக் கோட்டை மட்டும் பாருங்கள். கேமராவில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பிளஸ், மைனஸ் அமைப்பை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) நான் மைனஸ் 0.7-இல் ஆரம்பித்து, அன்னம் நெருங்கி வர வர மைனஸ் 1.3 வரை இறக்குவேன். இதுவே தண்ணீர் வெயிலில் தகதகவென்று மின்னி, பறவை அதன் முன்னால் நின்றால் கதை தலைகீழ், அப்போது பிளஸ் பக்கம் போக வேண்டும், அல்லது வெறும் நிழலுருவமாக எடுத்துவிட்டு அதுவும் ஓர் அழகுதான் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்தக் கழுத்து நிழலுருவத்திலும் ஏமாற்றாது. அன்னங்களிலேயே உடம்பு அளவுக்கு ஒப்பிட்டால் இதற்குத்தான் கழுத்து நீளம்.

அடுத்தது ஃபோகஸ். வழவழப்பான கருப்புச் சிறகில் கேமராவுக்குப் பிடிமானம் கிடைக்காது, முன்னும் பின்னும் ஓடி ஓடித் தேடும், அதற்குள் பறவை திரும்பிவிடும். ஃபோகஸ் புள்ளியைச் சின்னதாக்கி, அலகும் முகமும் சேரும் ஓரத்தில் வையுங்கள், சிவப்பும் கருப்பும் சந்திக்கும் அந்தக் கோட்டில் டக்கென்று பிடித்துக்கொள்ளும். கண்ணும் தானாகவே கூர்மையாக வந்துவிடும். உடம்பில் பிடித்தே ஆக வேண்டுமென்றால் முதுகுப் பக்கம் இறக்கையில் சுருட்டை சுருட்டையாக எழும்பி நிற்கும் சிறகுகள் இருக்கின்றன, பக்கவாட்டு வெயிலில் ஒவ்வொன்றின் ஓரமும் தனித்தனியாகத் தெரியும். படங்களில் கருப்பு அன்னம் என்றாலே வழுவழுவென்று வரைகிறார்கள். நேரில் பார்த்தால் அதன் முதுகு ஒரு ரிப்பன் கடை.

இனி இந்த வகை கேமராவின் குறை. 2000 மி.மீ. அளவுக்குச் சமமான சூம் என்று பெட்டியில் போட்டிருக்கும். வாங்கின புதிதில் எல்லோரும் கடைசி வரை இழுத்து நிலாவை எடுப்போம், சரி, அதற்கு நன்றாகத்தான் இருக்கும். தண்ணீருக்கு மேல் அப்படி இல்லை. காலை ஒன்பது மணி தாண்டினால் ஏரிமேல் காற்று நெளிய ஆரம்பித்துவிடும், சேலத்து வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அப்போது எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸ் வைத்தாலும் சிறகு தண்ணீரில் கரைந்த மாதிரிதான் வரும். 1000-க்குள் வைத்துக்கொண்டு, பறவை வருகிற வரை காத்திருப்பதுதான் கட்டுப்படியாகும். இன்னொன்று, உள்ளே இருக்கும் சென்சார் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. ஐஎஸ்ஓ, அதாவது சென்சார் வெளிச்சத்தை வாங்கும் உணர்திறன் அளவு, 400 தாண்டினால் கருப்பில் புள்ளி புள்ளியாக அழுக்கு ஏறும், வெள்ளைக் கொக்கில் இது கண்ணுக்கே தெரியாது, கருப்புப் பறவையில் பளிச்சென்று தெரியும். ஆகவே விடிந்து அரை மணி நேரத்திலிருந்து சுமார் ஒன்றரை மணி நேரம்தான் நமக்கான வேலை நேரம். லட்சங்களில் லென்ஸ் வைத்திருப்பவர்கள் இன்னும் முன்னாலேயே ஆரம்பிப்பார்கள், பொறாமைதான், என்ன செய்ய.

வெயிலின் திசை பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. இங்கே மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும், அதனால் மூக்கனேரியில் தென்கரையில் நின்று வடக்கே பார்த்தால் வெயில் நம் முதுகில் இருக்கும். பெர்த்தில் சூரியன் வடக்கே சாய்ந்து போகும். பழக்கத்தில் தென்கரைக்குப் போய் நின்றால் காலை ஏற ஏற வெயில் நேராக லென்ஸுக்குள் இறங்கும். வடகரைக்குப் போங்கள்.

நான் அதிகம் உட்கார்ந்த இடம் மாங்கர் ஏரி. பெர்த் நகர மையத்துக்கு வெகு அருகில், நெடுஞ்சாலைச் சத்தத்தோடு இருக்கிற ஏரி, அந்த மண்ணின் நூங்கார் மக்கள் வைத்திருக்கும் பெயர் கலூப். சுற்றிலும் நடைபாதை, சுமார் மூன்றரை கிலோமீட்டர். காட்டுப் பறவை என்று சொல்லிவிட்டு நகரத்து ஏரியைக் காட்டுகிறானே என்று நினைக்கலாம், ஆனால் யாரும் அடைத்து வைக்கவில்லை, தண்ணீர் வற்றினால் போகும், வேறு எங்காவது மழை பெய்தால் அங்கே போகும், நாடோடிப் பறவை. வில்லெம் டி விளாமிங் என்ற டச்சுக் கப்பல் தலைவர் 1697-இல் அந்த ஊர் ஆற்றில் இதைப் பார்த்துத்தான் ஆற்றுக்கே அன்னத்தின் பெயரை வைத்தார். அதுவரை ஐரோப்பாவில் கருப்பு அன்னம் என்றால் நடக்கவே முடியாத ஒன்றுக்குச் சொல்லும் உவமை. இப்போது அதுதான் மேற்கு ஆஸ்திரேலியாவின் மாநிலப் பறவை, கொடியிலும் இருக்கிறது.

பாலையும் நீரையும் பிரிக்கும் என்று கேட்டு வளர்ந்த நமக்கு, அன்னம் தலையைத் தண்ணீருக்குள் விட்டு, வாலைத் தூக்கிக்கொண்டு, வாய் நிறையப் பாசியோடு வெளியே வருவதைப் பார்க்கக் கொஞ்சம் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். முழுச் சைவம், நாளெல்லாம் மேய்ச்சல். பாசி ஒழுகும் அந்த முகத்தை எடுங்கள், அழகுப் படத்தைவிட அதுதான் பேசும். ஒரு காலை மடித்து முதுகில் போட்டுக்கொண்டு மறு காலால் மட்டும் துடுப்புப் போட்டு நீந்துவதைப் பார்த்தால் கால் ஊனமோ என்று பதறாதீர்கள், அது அப்படித்தான். கிட்டே வந்தால் ஏழெட்டுக் கிலோ வரை இருக்கும் பறவை என்பது உறைக்கும். முட்டையும் குஞ்சும் இருக்கிற நேரத்தில் இறக்கையைத் தூக்கிக்கொண்டு சீறியபடி வந்தால் படத்தை மறந்துவிட்டுப் பின்வாங்குங்கள். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும், குஞ்சுகள் சாம்பல் நிறத்தில் பஞ்சுருண்டையாக இருக்கும், தாய் தகப்பன் முதுகில் ஏறி இறக்கைக்குள் ஒளிந்துகொள்ளும். மாமா என்னோடு வந்த அன்று கேமராவை ஒதுக்கிவிட்டு பைனாகுலரை ஆளுக்குக் கொஞ்ச நேரம் மாற்றி மாற்றிப் பார்த்தோம். கருப்பு முதுகிலிருந்து ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்ததும் அவர், "மாப்ள, இதுக்கு எதுக்குடா கேமரா" என்றார். பாதி உண்மை. 8x42 இல்லாமல் சூம் கேமரா மட்டும் கொண்டு போனால் பார்க்கிற சுகம் போய்விடும், அந்தச் சின்னத் திரையில் கழுத்துதான் நிறையும்.

பறக்கும் படம் வேண்டுமென்றால் பொறுமை வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது முழுக் கருப்பாகத் தெரிகிற பறவை, இறக்கையை விரித்ததும் நுனியெல்லாம் வெள்ளை, அந்தத் திடீர் வெள்ளைதான் இதன் முழு விசேஷம். கனமான உடம்பு என்பதால் தண்ணீர் மேல் தடதடவென்று நெடுந்தூரம் ஓடித்தான் எழும்பும், அதனால் நமக்கு அவகாசம் உண்டு. ஓட ஆரம்பிக்கும் முன் கழுத்தை நிமிர்த்தி ஊது குழல் போலக் குரல் கொடுக்கும், அப்போதே சூமைக் குறைத்து ஷட்டர் வேகத்தை 1/1250 நொடியில் வைத்துத் தயாராகிவிடலாம். எக்ஸ்போஷரை அந்த வெள்ளைக்கு வையுங்கள், கருப்பை அப்புறம் கம்ப்யூட்டரில் கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம். குஞ்சு வளர்த்து முடித்தபின் பறக்கும் சிறகுகளை ஒரே சமயத்தில் உதிர்த்துவிட்டு ஒரு மாதம் போலப் பறக்கவே முடியாமல் இருக்கும், அந்த நேரத்தில் போனால் கூட்டம் நிறையக் கிடைக்கும், பறக்கும் படம் கிடைக்காது.

சில்லறை விஷயங்கள். டிரைபாட் வேண்டாம், தரையோடு தாழ்ந்து எடுக்க, கேமராவை மேலே வைத்துத் தாங்க, பழைய ஜீன்ஸ் காலைத் தைத்துச் செய்த பை போதும். சேலத்தில் அதற்குள் கம்புத் தானியம் போட்டிருந்தேன். ஆஸ்திரேலியாவுக்குத் தானியம் கொண்டு போனால் ஏர்போர்ட்டிலேயே கேள்வி வரும் என்பதால் காலிப் பையாக மடித்து எடுத்துப் போய், அங்கே அரிசி வாங்கி நிரப்பிக்கொண்டேன், திரும்பும்போது அரிசி அக்கா சமையலறைக்குப் போனது. ஏற்காட்டுக்குக் கேமராவை எடுத்துப் போகிறவர்கள் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி மூடுபனியில் படம் எடுத்துவிட்டு அப்படியே பையில் மூடி வைக்காதீர்கள், இந்த வகை கேமராவில் லென்ஸைக் கழற்றித் துடைக்க முடியாது, உள்ளே பூஞ்சை பிடித்தால் அவ்வளவுதான். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, இறுக்கி மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் வைக்கிறேன், இதுவரை சுத்தமாக இருக்கிறது.

வாங்கலாமா என்றால், பறவை பார்ப்பதோடு அவ்வப்போது படமும் எடுப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். பெரிதாகப் பிரின்ட் போட நினைப்பவர்களுக்கு இது ஆகாது, கருப்புச் சிறகு காட்டிக் கொடுத்துவிடும். அடுத்த பயணம் ஜூலையில், அதுதான் அங்கே கூடு கட்டும் பருவம், மழைக்காலமும் அதுவே. கேமராவுக்கு ஒரு மழை உறை தைக்கச் சொல்லி செவ்வாய்ப்பேட்டையில் ஒரு டெய்லரிடம் கொடுத்திருக்கிறேன், லென்ஸ் நீண்டு வெளியே வரும் என்பதைத்தான் அவருக்கு இன்னும் புரியவைக்க முடியவில்லை.